பிளாஸ்டிக் கீல்

திண்டுக்கல் சாலையில் விளாங்குடியைத் தாண்டி ஒரு சாய மில் இருந்தது. அங்கே புதுக் கொதிகலனிலிருந்து முதல் முறையாக நீராவி திறந்துவிட்ட நாளில், குழாயைப் பற்றிக் கவலைப்பட்டவர்களைவிட ராகுகாலத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள்தான் அதிகம். எண்பத்து நாலாம் வருஷம், தை மாதம். முதலாளி குடும்பத்துப் பெண்கள் பட்டுப் புடவையில் வந்து மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கொதிகலனுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, தேங்காயும் உடைத்தாயிற்று.

நீராவியைத் திறப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. குளிர்ந்து கிடக்கும் குழாயில் முதலில் கொஞ்சமாக விட வேண்டும். அது தண்ணீராகித் தேங்குவதை வடித்துவிட வேண்டும். குழாய் நன்றாகச் சூடேறிய பிறகுதான் வால்வை முழுக்கத் திறக்கலாம். இதற்கெல்லாம் அரை நாள் பிடிக்கும். ராகுகாலம் அரை நாள் பொறுக்காது என்று ஒர்க்ஸ் மேனேஜர் பட்டாபிராமன் முடிவு செய்தார். கொதிகலன்காரர் உக்கிரபாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பட்டாபிராமன் கடிகாரத்தைக் காட்டினார். வால்வு திறந்தது.

உள்ளே தேங்கிக் கிடந்த தண்ணீரை நீராவி உருட்டிக்கொண்டு போய் முதல் வளைவில் மோதிற்று. லாரி மோதியதுபோல் ஒரு சத்தம். குழாய் துள்ளி எழுந்து கீழே விழுந்து உட்கார்ந்தது. மடக்கு நாற்காலிகள் கவிழ்ந்தன. முதலாளியின் மனைவி, வந்ததும் சரியில்லை நின்றதும் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே காருக்குப் போய்விட்டார்.

குழாய் உடையவில்லை. ஆனால் யார்டில் அதைத் தாங்கி நின்ற ஃபிரேம்களில் ஒன்று வளைந்துவிட்டது. ஃபிரேம் என்றால் கோல்போஸ்ட்தான்: தரையில் நட்ட இரண்டு இரும்புக் கால்கள், அவற்றை இணைத்து மேலே ஒரு குறுக்குச் சட்டம், அந்தச் சட்டத்தின் மேல் வரிசையாகக் குழாய்கள். அந்தக் குறுக்குச் சட்டம் இப்போது இரண்டு முனைகளிலும் மடங்கி, நடுவில் தொய்ந்து, வெட்கங்கெட்டவன்போல் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டு நின்றது.

மில்லின் டிசைன் இன்ஜினியர் சேக் இஸ்மாயில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காஜிமார் தெருக்காரன். அதற்கு முன்னால் ஏழெட்டு வருஷம் கடலோரத்தில் ஓர் அணுமின் நிலையக் கட்டுமானத்தில் குழாய்த் தாங்கிகளுக்கு ஸ்ட்ரெஸ் கணக்குப் போட்டவன். எந்தத் தாங்கி எந்த அழுத்தத்தில் என்ன ஆகும் என்று கண்டுபிடிப்பதே வேலை. அத்தா மௌத்தாகி அம்மா தனியாகிவிட்டதால் மதுரைக்குத் திரும்பினான். இல்லாவிட்டால் இந்த மில்லின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டேன் என்பது அவன் எண்ணம். அந்த எண்ணத்தை அவன் மறைத்ததே இல்லை. யாராவது பேசும்போது மூக்கால் லேசாக ஒரு சத்தம் விடுவான். பேசுகிறவருக்குப் பாதியிலேயே வாய் நின்றுவிடும்.

அவன் வளைந்த ஃபிரேமை அளந்தான். யார்டைத் தாண்டிக் குழாய் மடிப்புக் கூடத்துக்குள் நுழைந்து, சுவரோரமாக ஓடும் பகுதியையும் போய்ப் பார்த்தான். அங்கே ஃபிரேம் கிடையாது. சுவர்த் தூண்களில் பற்றவைத்து நீட்டிய ஒற்றைக் கை பிராக்கெட்டுகள்தான். அவற்றுக்கு அடியில் நீள மேஜைகள் போட்டு, முப்பது நாற்பது பெண்கள் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஏணி வைத்து ஏறி, பிராக்கெட்டின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினான். அந்தப் பெண்களிடம் அவன் சொன்னது, ஏணிக்கு வழி விடுங்க என்பது மட்டும்தான்.

அதற்குள் பட்டாபிராமன் ஆலோசகர் ஒருவரை வரவழைத்திருந்தார். சாம்பசிவம், அரசாங்கத்தில் பாலங்கள் கட்டி ஓய்வு பெற்றவர். மதுரையில் எந்தக் கட்டடத்தில் விரிசல் விட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வந்து பார்த்து, விரிசல் விட்டிருக்கிறது என்று உறுதி செய்துவிட்டுப் போவார். அவரிடம் பித்தளைப் பூண் போட்ட ரசமட்டம் ஒன்று உண்டு. அதை ஃபிரேம் மேல் வைத்தார், வளைந்திருக்கிறது என்றார். பிராக்கெட்டுகள் மேல் வைத்தார். நேராக இருக்கின்றன என்றார். ஆகவே ஃபிரேமை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும், பிராக்கெட்டுகளுக்கு ஒன்றுமில்லை. இதைச் சொல்ல அவருக்கு ஒரு முழுக் காலையும் இரண்டு ஏலக்காய் டீயும் ஆயின.

மேனேஜர் அறையில் இஸ்மாயில் நேர்மாறாகச் சொன்னான். வளைந்த ஃபிரேம் அப்படியே இருக்கலாம்; நேராக நிற்கும் பிராக்கெட்டுகளைத்தான் உடனே மாற்ற வேண்டும்.

“என்ன சொல்றேள் இஸ்மாயில்? வளைஞ்சது நல்லது, வளையாதது கெட்டதா?” என்றார் பட்டாபிராமன்.

இஸ்மாயில் மூக்கால் சத்தம் விட்டான். பிறகு விளக்கினான். விளக்கினான் என்பது அவன் சொன்னது. கேட்டவர்களுக்கு அது வசவுபோலத்தான் இருந்தது. அவன் சொன்ன விஷயம் இதுதான்: இரும்பைத் தாங்க முடியாத அளவு வளைத்தால் அது கண்ணாடிபோல் உடனே உடைந்துவிடாது. எந்த இடத்தில் பாரம் மிஞ்சுகிறதோ அந்த இடம் மட்டும் இளகி, துருப்பிடித்த கேட்டின் கீல்போல மெல்லத் திரும்பும். திரும்பினாலும் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்த பிடியை விடாது; மிஞ்சிய பாரத்தை மட்டும் பக்கத்து இடங்களுக்குத் தள்ளிவிடும். இதற்கு பிளாஸ்டிக் ஹிஞ்ச் என்று பெயர். இரண்டு பக்கமும் இறுகப் பிடித்த குறுக்குச் சட்டம் கீழே விழ வேண்டுமென்றால் அப்படி மூன்று கீல்கள் உண்டாக வேண்டும். இங்கே இரண்டு முனையிலும் உண்டாகிவிட்டன, நடுவில் உண்டாகவில்லை. தினசரி பாரத்துக்கு உண்டாகவும் செய்யாது. கணக்கு அவன் கையில் இருந்தது. ஆனால் சுவரிலிருந்து நீட்டிய ஒற்றைக் கைக்கு ஒரே கீல் போதும். பாரத்தைத் தள்ளிவிட அதற்குப் பக்கத்து இடமே கிடையாது. அன்றைக்குக் குழாய் துள்ளியபோது அந்தக் கைகள் தூணோடு சேரும் அடிப்பக்கமும் எல்லையைத் தொட்டுவிட்டது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. இனி தினமும் காலையில் குழாய் சூடாகி நீளும்போது அது கையைத் தள்ளும். சாயந்தரம் சுருங்கும்போது இழுக்கும். ஒவ்வொரு தடவையும் கை நூலளவு தாழும். ஒரு நாள் மொத்தமாகத் தாழும்.

இவ்வளவும் சரி. ஆனால் இதைச் சொல்லும்போதே அவன் சாம்பசிவத்தின் ரசமட்டத்தை எடுத்து மேஜையில் உருட்டி, “இதை வச்சு அலமாரி சாஞ்சிருக்கான்னு பாக்கலாம். ஸ்டீலோட மனசுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்க முடியாது” என்றான். சாம்பசிவம் ரசமட்டத்தை எடுத்து உறையில் போட்டுக்கொண்டார். அந்த அறையில் அதற்கப்புறம் யாரும் பிராக்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

பட்டாபிராமனுக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்தான். இஸ்மாயில் போன பிறகு அவர் ஸ்டோர்ஸுக்குப் போன் போட்டு, பிளாஸ்டிக் ஹிஞ்ச் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கச் சொன்னார். தேவைப்பட்டால் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று அவர் நினைத்திருக்கலாம். ஸ்டோர்ஸ் கிளார்க் சுடலை அன்று மதியமே மேல மாசி வீதிக்குப் போய், நான்கு கடை ஏறி இறங்கி, சிறுபிள்ளைகளின் பென்சில் பெட்டிக்கும் சின்ன மருந்து அலமாரிக்கும் போடுகிற பிளாஸ்டிக் கீல்களில் பச்சையில் ஒரு டஜனும் சிவப்பில் ஒரு டஜனும் வாங்கி வந்து மேனேஜர் மேஜையில் வைத்தார். எந்தக் கலர் வேணும்னு தெரியல சார், ரெண்டும் வாங்கிட்டேன் என்றார்.

இஸ்மாயில் அப்போது அங்கே இருந்தான். அவன் சிரித்த சிரிப்பு டைப்பிஸ்ட் அறை தாண்டிக் கேட்டது. அதோடு விட்டிருக்கலாம். கேன்டீனில் சொன்னான், கொதிகலன் அறையில் சொன்னான், முதலாளியின் மருமகன் வந்தபோது அவரிடமும் சொன்னான். ஒரு பச்சைக் கீலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பட்டாபிராமன் எதிரே வந்தால் எடுத்துத் திறந்து மூடிக் காட்டினான். முப்பது வருஷம் அந்த மில்லில் தலைநிமிர்ந்து நடந்த மனிதர், அந்த வாரம் முழுக்கப் பின்வாசல் வழியாகப் போய்வந்தார். இன்ஜினியரிங் படிக்காத சுடலையை யாரும் குறை சொல்லவில்லை. படித்த பட்டாபிராமன்தான் கேலிப்பொருளானார்.

வீட்டில் அதே கதையை அவன் சாதிகாவிடம் சொன்னான். அவன் மனைவி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்; சிரிக்கவில்லை.

“நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும்ங்க. ஆனா நீங்க சொல்ற தினுசுல, நீங்க சொன்னது தப்பாப் போகணும்னு கேக்குறவங்க துஆ கேப்பாங்க” என்றாள்.

முட்டாள்கள் கேட்கிற துஆவுக்கெல்லாம் இரும்பு வளையாது என்று இஸ்மாயில் சொன்னான். எழுந்துபோய்க் கணக்கைத் திரும்பப் பார்க்க உட்கார்ந்தான். கணக்கில் தப்பே இல்லை. அது அவனுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

சாம்பசிவத்தின் அறிக்கை வந்தது. அதைப் படித்தபோதுதான் இஸ்மாயிலுக்கு முதல் முறையாகச் சிரிப்பு வரவில்லை. பாலம் கட்டிய கிழவர் சும்மா இருந்துவிடவில்லை. வளைந்த ஃபிரேம் பார்வைக்கு அசிங்கமாக இருப்பதாலும், வெளியூர் வியாபாரிகள் வந்துபோகும் இடம் என்பதாலும் அதை மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார். பிராக்கெட்டுகளைப் பற்றி எழுதியது இது: அவற்றில் அதிகப் பாரம் வருவதாகத் தெரிந்தாலும், நவீன முறைப்படி அங்கே பிளாஸ்டிக் ஹிஞ்ச் உண்டாகி பாரத்தை ஏற்றுக்கொள்ளும், ஆகவே பயமில்லை, இது தங்கள் இன்ஜினியர் திரு. இஸ்மாயில் அவர்களே விளக்கிய கோட்பாடுதான்.

எதை அவன் ஃபிரேமுக்குச் சொன்னானோ அதை அப்படியே பெயர்த்து பிராக்கெட்டில் ஒட்டிவிட்டார்கள். விழாததை மாற்றப் போகிறார்கள். விழப் போவதை விட்டுவைக்கப் போகிறார்கள். அதற்கு அவன் பெயரே சாட்சி.

அவன் பட்டாபிராமனிடம் போய்க் கத்தினான். ஒற்றைக் கைக்கு அது பொருந்தாது என்று அன்றைக்கே சொன்னேனே என்றான். பட்டாபிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அதற்காகவே காத்திருந்ததுபோல இருந்தது.

“நீங்கதானே சொன்னேள், கீல் வந்தா நல்லதுன்னு? வரட்டுமே. பச்சையா சிவப்பான்னு பாத்துக்கலாம்.”

ஃபிரேமை வெட்டினார்கள். காஸ் கட்டரால் வெட்டும்போது அது அவ்வளவு சுலபத்தில் விழவில்லை. சாம்பசிவம் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். புது ஃபிரேம் நட்டு, அதோடு சேர்த்து பிராக்கெட்டுகளுக்கும் சில்வர் பெயின்ட் அடித்தார்கள். மடிப்புக் கூடம் கல்யாண மண்டபம்போல் பளபளத்தது. முதலாளி வந்து பார்த்து, இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு என்றார்.

இஸ்மாயில் அடுத்த வார விடுமுறை நாளில் தனியாக மில்லுக்கு வந்தான். சலவைப் பிரிவிலிருந்து ஒரு வாளிச் சுண்ணாம்பு எடுத்துக் குழைத்தான். பிராக்கெட்டுகளின் அடிப்பக்கத்தில், தூணோடு பற்றவைத்திருந்த இடத்தைச் சுற்றி, புதுப் பெயின்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பைக் கெட்டியாகப் பூசினான். காரணம் எளிது. இரும்பு எல்லைக்குள் இருந்தால் மேலே காய்ந்த சுண்ணாம்பு அப்படியே இருக்கும். எல்லை மீறி இரும்பு இழுபட்டால், சுண்ணாம்பால் அதோடு சேர்ந்து இழுபட முடியாது. வரிவரியாகப் பொரிந்து உதிரும். கணக்கை நம்பாதவர்கள் கண்ணையாவது நம்பட்டும் என்று நினைத்தான். கேட் வாட்ச்மேன் வந்து பார்த்துவிட்டு, என்ன சார் பொங்கல் முடிஞ்சப்புறம் வெள்ளை அடிக்கிறீக என்று கேட்டார். இஸ்மாயில் ஏணியை அடுத்த பிராக்கெட்டுக்கு நகர்த்தினான்.

மறுநாள் காலை நீராவி வந்தது. குழாய் சூடாகி நீண்டது. கொஞ்ச நேரத்தில், பெரிய வால்வின் கனத்தைத் தாங்கிய பிராக்கெட்டின் அடியில் சுண்ணாம்பு மெல்லிய சாய்கோடுகளாக வெடித்தது. பிறகு செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் மேஜை மேல் அன்றைக்கு அனுப்ப வேண்டிய கருநீலப் பாப்ளின் மடித்து அடுக்கியிருந்தது. அதன் மேல் வெள்ளையாக விழுந்து பரவிற்று.

மடிப்புக் கூடத்து சூப்பர்வைசர் விருமாண்டி அலறிக்கொண்டு மேனேஜரிடம் ஓடினார். பட்டாபிராமன் வேகமாக வந்தார். இஸ்மாயில் அங்கே காத்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் வெற்றி பளிச்சென்று தெரிந்தது. அண்ணாந்து பாருங்க சார் என்று கோடுகளைச் சுட்டிக்காட்டினான். பட்டாபிராமன் அண்ணாந்து பார்க்கவில்லை. குனிந்து துணியைப் பார்த்தார். ஒரு விரலால் வெள்ளையைத் தொட்டுத் தேய்த்தார். அது இன்னும் பெரிதாகப் பரவியது.

“இதைச் செஞ்சது யாரு?” என்றார்.

அன்று சாயந்தரத்துக்குள் இஸ்மாயிலுக்கு மெமோ வந்தது. அனுமதியின்றி விடுமுறை நாளில் வளாகத்தில் நுழைந்து, நிறுவனத்தின் துணியை அசுத்தப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். பிராக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சுண்ணாம்பைச் சுரண்டக்கூட யாரும் ஏறவில்லை. சுரண்டினால் இன்னும் கொட்டும் என்று விருமாண்டி பயந்தார். அதனால் அவர் தன் அறிவுக்கு எட்டியதைச் செய்தார். மேஜைகளை எல்லாம் இழுத்து எதிர்ச் சுவரோரமாகப் போடச் சொன்னார்.

பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. குழாய் ஓடிய பக்கம்தான் ஜன்னல்கள் இருந்தன. எதிர்ப்பக்கம் காற்று கிடையாது. மாசி வெயிலில் தகரக் கூரை அனலைக் கொட்டியது. பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்து அங்கே பல வருஷமாக வேலை பார்த்த ஒச்சம்மாள், அம்புட்டு இடம் சும்மா கெடக்கு, நாங்க இங்கன வேகணுமா என்று விருமாண்டியிடம் சண்டை போட்டாள். துணி அழுக்கானா உன் சம்பளத்துலயா பிடிப்பாக என்று விருமாண்டி கேட்டார். மேஜைகள் அங்கேயே இருந்தன.

இஸ்மாயில் மெமோவுக்கு மூன்று பக்கம் பதில் எழுதினான். ஆங்கிலத்தில், படத்தோடு. எழுதும்போது நல்ல நல்ல குத்தல்கள் வந்து விழுந்தன. அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்து ரசித்தான். பட்டாபிராமன் அதைப் படிக்கவே இல்லை என்று டைப்பிஸ்ட் பிறகு சொன்னார்.

சிவராத்திரி கழிந்த ஒரு காலையில் அது விழுந்தது. ஷிஃப்ட் தொடங்கி, நீராவி வந்து, குழாய் நீளத் தொடங்கிய நேரம். பெரிய வால்வுக்கு அடியில் இருந்த பிராக்கெட் உடையக்கூட இல்லை. நீட்டிய கையை மடக்கிக்கொள்வதுபோல் சுவரோடு சுவராகக் கீழ்நோக்கி மடங்கிற்று. வால்வும் குழாயும் தொங்கின. அந்த உலுக்கலில் பக்கத்து பிராக்கெட்டும் மடங்கியது. இணைப்பு வாய் பிளந்து நீராவி சீறியது. கூடம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. உக்கிரபாண்டி யாரிடமும் கேட்காமல் கொதிகலன் வால்வை மூடினார்.

ஆவி அடங்கியபோது, மேஜைகள் முன்பு இருந்த இடத்தில் வால்வு தரையைப் பெயர்த்துக்கொண்டு கிடந்தது. தரையில் பழைய மேஜைக் கால்களின் தடம் இன்னும் அழியவில்லை. எதிர்ச் சுவரோரம் பெண்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒச்சம்மாள் மட்டும் அங்கே இல்லை. புழுக்கம் தாங்காமல், தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஜன்னலோரம் போய்க் கொஞ்சம் காற்று வாங்கிக்கொண்டிருந்தவள் அவள். வால்வு விழுந்த இடத்திலிருந்து தள்ளித்தான் நின்றாள். ஆனால் நீராவி அவள் இடது கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வேக வைத்துவிட்டது. அவளைத் துணி வண்டியிலேயே ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

இஸ்மாயில் கூடத்தின் நடுவில் நின்று மடங்கிய பிராக்கெட்டை அண்ணாந்து பார்த்தான். அவன் சொன்ன இடத்தில், அவன் சொன்ன மாதிரியே மடங்கியிருந்தது. பட்டாபிராமன் வந்து பக்கத்தில் நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. அவரிடம் சொல்வதற்காக இஸ்மாயில் எத்தனையோ வாக்கியங்களை நாள்கணக்காகத் தீட்டி வைத்திருந்தான். இப்போது ஒன்றைச் சொன்னான். சொன்னதில் எதிர்பார்த்த ருசி இல்லை.

இரண்டு நாள் கழித்து அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். போகச் சொன்னது சாதிகா. வார்டில் ஒச்சம்மாளின் கையில் மருந்து தடவி, கட்டுப் போடாமல் வாழையிலையில் வைத்திருந்தார்கள். அவள் புருஷன் சின்னான் ஸ்டூலை இவனுக்குக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றான். இஸ்மாயில் ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு, மேனேஜரையும் ஆலோசகரையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், தலையில் ஏறவில்லை என்றான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“அப்ப விழும்னு ஒங்களுக்கு முன்னக்கூட்டியே தெரியும்?”

“தெரியும்.”

“மேனேஜர்கிட்டச் சொன்னீக. அந்தக் குடை வச்ச அய்யாகிட்டச் சொன்னீக. அடியில நின்னது நாங்கதான சார். எங்ககிட்ட ஒரு வார்த்தை ஏன் சொல்லல?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சொன்னா உங்களுக்குப் புரியாதுன்னு என்று சொல்ல அவன் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. அப்படி நினைத்து அவன் சொல்லாமல் விட்டதுகூட இல்லை. அவர்களிடம் சொல்லலாம் என்றே அவனுக்குத் தோன்றியதில்லை. அவன் கணக்கில் குழாயின் எடை இருந்தது, வால்வின் எடை இருந்தது, நீராவியின் சூடு இருந்தது. சின்னான் ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்து அவனிடமே நீட்டினான்.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். பட்டாபிராமன் மிகுந்த மரியாதையோடு, ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து நிர்வாகம் மேஜைகளை அப்புறப்படுத்தியிருந்தது என்றும், அதனால்தான் பெரிய உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது என்றும் சொன்னார். இன்ஸ்பெக்டர் விருமாண்டியைக் கூப்பிட்டுக் கேட்டார். விருமாண்டிக்கு யாரும் எதுவும் சொல்லித் தந்திருக்கவில்லை.

“துணியில சுண்ணாம்பு கொட்டுதுன்னு நவுட்டிப் போட்டோம்யா. வேற ஒண்ணுமில்ல” என்றார்.

அறையில் யாரோ இருமினார்கள். சாம்பசிவம் தன் அறிக்கையில் இருந்த கோட்பாடு தன்னுடையதல்ல என்று தெளிவுபடுத்தினார். அப்புறம் இஸ்மாயிலின் முறை வந்தது. அவன் ஃபிரேமுக்குச் சொன்னதையும் பிராக்கெட்டுக்குச் சொன்னதையும் பிரித்துச் சொன்னான். இன்ஸ்பெக்டருக்குப் புரிந்தது. கடைசியாக அவர், கீழே வேலை செய்தவர்களை எச்சரித்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றான் இஸ்மாயில். அன்று அவன் சொன்னதில் மிகச் சின்னப் பதில் அதுதான். அதைச் சொல்லத்தான் அவனுக்கு அதிக நேரம் பிடித்தது.

மில்லுக்கு ஓர் அபராதம் விதித்தார்கள். முதலாளி அதைச் சில்லறைச் செலவுபோல் கட்டினார். பட்டாபிராமனை அவர்களுடைய இன்னொரு மில்லுக்கு, ஒரு படி உயர்த்தி மாற்றினார்கள். சாம்பசிவம் அந்த வருஷம் மதுரைப் பொறியாளர்கள் கூட்டம் ஒன்றில் பிளாஸ்டிக் ஹிஞ்ச் என்ற தலைப்பில் ஒரு மணி நேரம் பேசினார். அழைப்பிதழ் இஸ்மாயிலுக்கும் வந்தது. போய் உட்கார்ந்தான். நிறையக் கைதட்டினார்கள். பேச்சில் பிழைகள் இருந்தன. அவன் எழுந்து கேள்வி கேட்கவில்லை. மூக்கால் சத்தம் மட்டும் தன்னையறியாமல் வந்தது. முன் வரிசைக்காரர் ஒருவர் திரும்பி, ஜலதோஷமா என்று கேட்டார்.

புதுத் தாங்கிகளை வடிவமைக்க வேறு ஆள் இல்லாததால் அந்த வேலை இஸ்மாயிலுக்கே வந்தது. பிராக்கெட்டுகளை எடுத்துவிட்டு, தரையிலிருந்தே கால் நட்ட ஃபிரேம்கள் போட்டான். எங்கேயாவது ஓர் இடம் இளகினால் பாரத்தை வாங்கிக்கொள்ள இன்னும் இரண்டு இடம் இருக்கும்படி கணக்குப் போட்டான். திரும்ப நீராவி விட்ட நாளில் பூஜை எதுவும் இல்லை. புது மேனேஜர் சீக்கிரம் சீக்கிரம் என்றார். இஸ்மாயிலும் உக்கிரபாண்டியும் அவரைக் கண்டுகொள்ளாமல் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்கள்.

குழாய் சூடேறும் நேரத்தில் அவன் மடிப்புக் கூடத்துக்குப் போனான். ஒச்சம்மாள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். இடது கையின் தோல் சுருங்கி, வேறு நிறமாக இருந்தது. மேஜைகள் ஜன்னல் பக்கமே வந்துவிட்டன. அவன் எல்லோரையும் ஒரு நிமிஷம் நிற்கச் சொன்னான். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழித்தான். பிறகு ஜன்னலோரம் இருந்த ஒரு வாளியைத் தண்ணீரோடு தூக்கி, கையைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்தான்.

“இப்ப இதைத் தாங்குறது என் தோள்பட்டை ஒண்ணுதான். அது சோர்ந்தா வாளி கீழ. முன்னாடி இருந்தது இப்படி. இப்ப வச்சிருக்கிறது, ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் கம்பைப் பிடிச்சு நடுவுல வாளியத் தொங்கவிட்ட மாதிரி. கம்பு கொஞ்சம் வளையலாம். வளைஞ்சா பயப்படாதீங்க. எனக்குச் சொல்லி அனுப்புங்க. சத்தம் கேட்டா மட்டும் நிக்காம ஓடுங்க.”

கை தாழ்ந்து, தண்ணீர் அவன் பேன்டில் சிந்தியது. இரண்டு மூன்று பெண்கள் சிரித்தார்கள்.

“இம்புட்டுத்தானா சார்?” என்றாள் ஒச்சம்மாள். “இதுக்கா அன்னைக்கு மேனேஜர் ரூம்புல அம்புட்டு நேரம் கத்திக்கிட்டுக் கெடந்தீக?”

இம்புட்டுத்தான் என்றான் இஸ்மாயில். அவன் வாளியை இறக்கி வைப்பதற்குள் பாதிப் பேர் துணி மடிக்கத் திரும்பிவிட்டார்கள். மீதிப் பேரில் ஒருத்தி, கதவுக்குப் போகிற வழியில் துணிக் கட்டுகளை அடுக்கி வைத்தால் எப்படிச் சார் ஓடுவது என்று கேட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான். கட்டுகள் வாசலை மறித்து அடுக்கியிருந்தன. விருமாண்டியைத் தேடிக்கொண்டு போனான்.